'தாயகம் திரும்பியோர்' என்று எழுதாதீர்கள்

மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தால், ஹட்டனில் நடக்கும் கூட்டமானாலும் கொழும்பில் அச்சாகும் கட்டுரையானாலும் இந்தச் சொல் வந்துவிடுகிறது: தாயகம் திரும்பியோர். தோட்ட வேலைக்கு நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு ஆனது 2023இல் 'மலையகம் 200' என்று நினைவுகூரப்பட்டபோது நம்மவர்களே இதை மேடையில் சொன்னார்கள். கேட்கப் பொறுக்கவில்லை.

மூலம் ஆங்கிலத்தின் 'ரிப்பேட்ரியேட்'. லத்தீனில் 'பத்ரியா' என்றால் தந்தையர் நாடு, 'ரி' என்றால் மீண்டும். தமிழ்நாட்டில் அது அரசு அலுவலகச் சொல்லாகி, தாயகம் திரும்பியோர் ஆனது. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆட்களைப் பார்த்தால் முழுக்கப் பிழை.

திரும்ப வேண்டுமானால் முதலில் அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் மஸ்கெலியா, பதுளை என்று இங்கேயே பிறந்தவர்கள். இராமேஸ்வரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். பாட்டன் விட்டுவந்த ஊருக்குப் பேரனை அனுப்பினால் அது திரும்புதலா? தாய் பிறந்ததும் புதைக்கப்பட்டதும் தோட்டத்தில் என்றால், கடலுக்கு அப்பால் இருப்பது எப்படித் தாயகம்? அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தாய்வீடு போகிறவர்களின் ரயிலுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள்.

'திரும்பியோர்' என்ற வினை இன்னொரு அநியாயமும் செய்கிறது. அனுப்பியவர்களை மறைத்துவிடுகிறது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டன. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களைக் கேட்டு எழுதிய கணக்கு அல்ல அது.

அவர்களே விண்ணப்பம் போட்டார்கள்தானே என்பார்கள் சிலர். போட்டார்கள். 1948இல் குடியுரிமை போய், அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போய், கள்ளத்தனமாகப் படகில் வந்தவர்கள் என்று பழிக்கும் 'கள்ளத்தோணி' என்ற வசையைக் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். 1970களில் தோட்டங்களில் பரவிய பட்டினியும் 1977இல் தமிழர் மீது நடந்த வன்செயலும் இருந்தவர்களையும் கிளப்பின. இதை விருப்பம் என்று எந்த அகராதியில் எழுதுவது?

சரி, வேறு என்ன சொல்வது? 'நாடு கடத்தப்பட்டோர்' என்கிறார்கள். அதில் குற்றத்துக்குத் தண்டனை என்ற வாடை அடிக்கிறது. 'அகதிகள்' அதைவிடக் கெடுதல். இவர்கள் இந்தியக் குடியுரிமையோடு போனவர்கள். 1983க்குப் பின் போன அகதிகளோடு சேர்த்து எழுதினால் அவர்களுடைய உரிமையே குழம்பும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தொல்லையும் வேண்டாம்.

'ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டோர்' என்று எழுதலாம். மொழிபெயர்ப்பாளர்கள் நீளம் என்று முகம் சுளிப்பார்கள். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற அக்கறையில் கொஞ்சத்தை, அது சுட்டும் மனிதர்களைப் பார்க்கவும் செலவழிக்கலாமே. இடம் இல்லையென்றால் 'அனுப்பப்பட்டோர்' என்று மட்டும் போடுங்கள். யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியாவது வாசிப்பவருக்கு வரும்.