மூன்று மணிக்குப் பசி எங்கே போயிற்று?

கீழக்கரையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டிருக்கிறான்: "சார், நோன்பு வச்சிருக்கும்போது மதியம் ஒரு மணிக்கு வயிறு கிள்ளி எடுக்குது. மூணு மணிக்கு ஒண்ணுமே தெரியல. நடுவுல ஒரு மடக்குத் தண்ணிகூடக் குடிக்கல. அப்ப அந்தப் பசி எங்க சார் போச்சு?" கூடவே இன்னொன்று: "நோன்பு வச்சா வளர மாட்டேன்னு பக்கத்து வீட்டு மாமி சொல்றாங்க. நெசமா?"

இரண்டு கேள்வி என்று நினைத்துக் கேட்டிருக்கிறான். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அவனுடைய இரைப்பையின் மேல்பகுதியில் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இருப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் ஹைபோதாலமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி. மேலிருந்து உத்தரவு வந்ததும் பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்து எலும்பு நுனிகளிலுள்ள குருத்தெலும்பை வளர்க்கின்றன. பசியும் அதே ஹைபோதாலமஸில்தான். அங்கே "சாப்பிடு" என்று தூண்டும் நரம்பணுக்கள் ஒரு கூட்டம், "போதும்" என்று அடக்குபவை இன்னொரு கூட்டம். உடலில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிவிப்பது லெப்டின். அமெரிக்காவின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் கண்டுபிடித்தது அது.

இனி எனக்குப் பிடித்த இடம்.

வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும் செயற்கை மூலக்கூறுகள் சில 1970களிலிருந்தே ஆய்வகங்களில் இருந்தன. அவை போய் ஒட்டும் ஏற்பி பிட்யூட்டரியில் இருப்பது 1996இல் தெரிந்தது. பூட்டு இருக்கிறது, உடலில் அதற்கான சாவி எங்கே? மூளையில்தான் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜப்பானின் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் எலியின் ஒவ்வோர் உறுப்பாகச் சாறெடுத்துத் தேடி 1999இல் அதைக் கண்டுபிடித்தபோது, அது இரைப்பையில் இருந்தது! உணவை அரைக்கும் பைதானே என்று நாம் நினைத்திருந்த உறுப்பு மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'வளர்' என்று பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து அதற்கு 'கிரெலின்' என்று பெயர் வைத்தார்கள். வளர்ச்சியை வைத்துப் பெயர் சூட்டிய பிறகுதான், பசியைக் கிளப்புவதும் இதே ஹார்மோன்தான் என்று தெரியவந்தது.

கிரெலின் 28 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். மூன்றாவது மணியில் மட்டும் எட்டுக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் ஒன்று வால்போல ஒட்டியிருக்கும். நம் தேங்காய் எண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் இருக்கும் அதே ஆக்டனாயிக் அமிலம். வால் இல்லாத கிரெலின் அந்தப் பூட்டைத் திறக்காது. இப்படி ஆக்டனாயிக் வால் ஒட்டிய ஹார்மோன் நம் உடலில் வேறெதுவும் இருப்பதாக இதுவரை தெரியவில்லை. வாலை ஒட்டுவதற்கென்றே ஒரு நொதி இருப்பதை 2008இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது தம்பியின் ஒரு மணிப் பசிக்கு வருவோம். பசி என்பது வயிறு காலியானதும் அடிக்கும் மணி என்றால், அது நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டேதான் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர்களின் ரத்தத்தை அடிக்கடி எடுத்து அளந்தபோது, வழக்கமான சாப்பாட்டு வேளைகளில் கிரெலின் ஏறியது. ஒன்றும் சாப்பிடாமலேயே தானாக இறங்கியது. மற்ற மாதங்களில் மதியம் ஒரு மணிக்குச் சோறு வந்து பழகிய வயிறு, அந்த நேரத்துக்கு முன்பே மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது. வேளை கடந்ததும் அடங்கிவிடுகிறது. பசி எங்கேயும் போகவில்லை தம்பி, அதன் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாமியின் கவலைக்குப் பதில் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. வால் ஒட்டும் நொதி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். வயிறாரச் சாப்பிட்டவரை அவை மற்ற எலிகளைப் போலவே இருந்தன. வளர்ச்சி என்ற இவ்வளவு பெரிய வேலையை உடல் ஒரே கயிற்றில் கட்டி வைக்கவில்லை. பிறகு இரண்டு வகை எலிகளுக்கும் தீனியில் 60 சதவீதத்தைக் குறைத்தார்கள். சாதாரண எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. நொதி இல்லாத எலிகளுக்கு அது இறங்கிக்கொண்டே போய், ஏழாம் நாள் உயிருக்கே ஆபத்தான அளவைத் தொட்டது. கிரெலினையோ வளர்ச்சி ஹார்மோனையோ உடலுக்குள் செலுத்தியபோது அவை தப்பித்தன. 2010இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. உணவு இல்லாத நாளில் வளர்ச்சி ஹார்மோன் வேறு வேலைக்குப் போகிறது. கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்கி, சர்க்கரையை மூளைக்கென்று காப்பாற்றி வைக்கிறது. அதைக் கூப்பிடுவது கிரெலின்.

அப்படியானால் பட்டினி கிடந்தால் வளரலாமா? முடியாது. மாமி சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இதுதான். மாதக்கணக்கில் போதிய புரதம் கிடைக்காத குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் நிறைய இருந்தாலும், கல்லீரல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. ஐஜிஎஃப்-1 குறைந்துவிடும், எலும்பும் நின்றுவிடும். நோன்பு அப்படி இல்லை, இரவில் சாப்பாடு இருக்கிறது. அந்தச் சாப்பாடு கஞ்சியும் வடையுமாக மட்டும் முடியாமல், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒரு முட்டையோ நாலு சூடை மீனோ தட்டில் இருக்கட்டும். தூக்கமும் முக்கியம். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த முதல் தூக்கத்தில். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து சஹர் வரை தெருவில் கூடிப் பேசும் பிள்ளைகள் இழப்பது இதைத்தான்.

உயரம் கூட்டும் மாவு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் பருப்பைப் போல அதுவும் செரித்துவிடும். அது தேவைப்படும் குழந்தைக்கு மருத்துவர் ஊசியாகத்தான் போடுவார். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். அந்தக் கையின் பாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்து வையுங்கள். கோடு ஏறாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கோஜிமா பசியைத் தேடிப் போகவில்லை என்பதை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் கடல் விரால் (கோபியா) மீன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார்கள். கூண்டில் மீன் வளர்ப்பவருக்குத் தீவனம்தான் பெருஞ்செலவு. மீனுக்கும் கிரெலின் உண்டு. மீனுக்கு எப்போது, எதனால் பசிக்கிறது என்ற அடிப்படை ஆய்வை நம் கரையிலேயே செய்ய ஆளும் பணமும் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தம்பி, ஒரு வேலை செய். நோன்பு முடியும்வரை உனக்குப் பசி ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் நோட்டில் குறி. விடியுமுன் கடலுக்குப் போய், காலை பத்து மணிக்கே மதியச் சோறு சாப்பிட்டுப் பழகியவர் யாராவது உன் தெருவில் நோன்பு வைத்திருந்தால், அவரிடமும் கேட்டுப் பக்கத்தில் எழுது. பெருநாள் முடிந்ததும் எனக்கு அனுப்பு.