வானத்தில் விழும் பட்டைகள்

மாலை வானத்தைப் படமெடுத்து, கணினியில் நீலத்தைச் சற்றே கூட்டுகிறோம். மென்மையாகக் கரைந்திருந்த வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடுகிறது. கேமராவைச் சந்தேகிப்பவர்களே அதிகம். ஆனால் கோளாறு பெரும்பாலும் கோப்பில் உள்ள எண்களில்தான் இருக்கிறது.

படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்; இதைத்தான் 8 பிட் என்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள். இருந்தும் தெளிந்த வானம் இவற்றில் மிகச் சிலவற்றையே பயன்படுத்துகிறது. 4000 பிக்சல் உயரத்துக்குள் நீலத்தின் அளவு 180-லிருந்து 220 வரை மட்டுமே ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது படிகள்தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 பிக்சல் அகலம். இதை ‘கர்வ்ஸ்’ என்ற ஒளி-நிறத் திருத்தக் கருவி கொண்டு மூன்று மடங்கு விரித்தால் புதிய படிகள் பிறப்பதில்லை. 180-க்கு அடுத்து 183, பிறகு 186 என்று எண்கள் தாவுகின்றன. எந்த அளவில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சீப்பின் பற்களைப்போல இடைவெளிகள் தெரியும்.

நம் கண்ணும் இதைப் பெரிதாக்குகிறது. அடுத்தடுத்து வைத்த இரு சாம்பல் பட்டைகள் சேரும் இடத்தில், வெளிறியது மேலும் வெளிறியும் அடர்ந்தது மேலும் அடர்ந்தும் தோன்றுவதை, பாரிஸ் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-லேயே எழுதிவைத்தார்.

கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ‘ரா’ கோப்பில் ஒவ்வொரு அளவுக்கும் 16,384 படிகள் உண்டு. அதை 16 பிட்டிலேயே திருத்துவது நல்லது. ஜேபெக்கை 16 பிட்டாக மாற்றினால் இழந்த படிகள் திரும்பி வருவதில்லை.

இதைவிட அழகான தீர்வை 1962-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் முன்வைத்தார்; பின்னாளில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். படத்தை எண்ணாக்கும் முன் அதில் இரைச்சலை, அதாவது தாறுமாறான சிறு ஏற்ற இறக்கங்களைச் சேர்க்க வேண்டும் என்பதே அவர் யோசனை. ஓரிடத்தின் உண்மையான அளவு 200.3 என்றால், சாதாரணமாக அங்குள்ள எல்லாப் பிக்சல்களும் 200 ஆகிவிடும். இரைச்சல் சேர்த்தால் பத்தில் சுமார் ஏழு 200 ஆகவும் மூன்று 201 ஆகவும் சிதறும். தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைச் சராசரியாக்கி 200.3-ஐ மீட்டுக்கொள்கிறது! எண்களில் இல்லாத நிறம் பார்வையில் இருக்கிறது.

ஆகவே வானத்தில் தெரியும் இரைச்சல் புள்ளிகளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பட்டைகளை அதுவே வரவழைக்கிறது. 16 பிட் படத்தில் மிக மெல்லிய இரைச்சலைத் தூவி, கடைசியில் 8 பிட்டுக்கு இறக்குங்கள். ஜேபெக்கை அதிகம் சுருக்கினால் இந்தப் பொடிப் புள்ளிகள்தான் முதலில் அழியும்.

பட்டைகளே வேண்டும் என்றால் போட்டோஷாப்பில் படிகளைக் குறைக்கும் ‘போஸ்டரைஸ்’ இருக்கிறது. 4 என்று கொடுத்தால் ஒவ்வொரு நிறத்திலும் 0, 85, 170, 255 மட்டுமே மிஞ்சும். மொத்தம் 64 நிறங்கள். இங்கே இரைச்சல் இடைஞ்சல் என்பதால் முதலில் படத்தை லேசாக மங்கலாக்குங்கள், விளிம்புகள் சீராக வரும். வண்ணப் படத்தில் மூன்று நிறங்களும் வெவ்வேறு இடங்களில் உடைவதால் முகத்தில் எதிர்பாராத பச்சையோ ஊதாவோ எட்டிப்பார்க்கலாம். கறுப்பு வெள்ளையாக்கிப் பட்டை பிரித்த பிறகு, வெளிச்ச அளவுக்கேற்ப நிறம் மாற்றும் ‘கிரேடியன்ட் மேப்’ வழியாக ஒவ்வொரு பட்டைக்கும் நீங்கள் விரும்பும் நிறத்தை ஏற்றலாம்.