கேஸ் மாத்திரையை ஏன் சாப்பாட்டுக்கு முன்பு போடச் சொல்கிறோம்?

ராத்திரி பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு, நெஞ்சு எரிய ஆரம்பித்ததும் ஒமிப்ரசோலோ பான்டோப்ரசோலோ போட்டுக்கொண்டு படுத்து, மறுநாள் கிளினிக்குக்கு வந்து "டாக்டர், இந்த மாத்திரை கேட்கவே மாட்டேங்குது" என்பவர்கள் நிறைய. எப்படிக் கேட்கும்? போட்ட நேரம் தவறு.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குள் பம்புகள் இருக்கின்றன. சாப்பிடும்போதுதான் அவை மும்முரமாக வேலையில் இறங்கும்; குழம்பு வாசனை வந்தாலே மூளை நரம்பு வழியாகத் தகவல் அனுப்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மாத்திரைகளால் அடைக்க முடியும், அதனால் மருந்து முன்கூட்டியே ரத்தத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்பது அதற்காகத்தான்.

பிரியாணிக்கு இன்னொரு சிக்கல். இரைப்பையின் கீழ்ப்பகுதி உணவை அரைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குத் தள்ளும். கொழுப்பு வந்து சேர்ந்ததும் "மெதுவா அனுப்பு" என்று குடல் ஹார்மோன் மூலம் தடுத்துவிடும். பத்து மணிக்குச் சாப்பிட்டது நள்ளிரவு தாண்டியும் உள்ளேதான் கிடக்கும், படுத்தால் மேலே ஏறி வரத்தான் செய்யும்.

அதற்காக அமிலத்தை எதிரியாக நினைக்க வேண்டாம். தினமும் சுமார் 2 லிட்டர் இரைப்பைநீர் சுரக்கிறது, கிருமிகளைக் கொல்கிறது, புரதத்தை உடைக்கும் பெப்சினைத் தயார் செய்கிறது. கறியையே கரைக்கிற அந்த நீர் இரைப்பையைக் கரைக்காமல் இருப்பது மேலே படிந்திருக்கும் கோழைப் படலத்தால்தான். படலத்துக்கு அடியில் உள்ள செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறிவிடும்.

அல்சர் வந்தால் எல்லோரும் மிளகாயைத் திட்டுகிறோம், பாவம் அது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984-இல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். சக ஆராய்ச்சியாளர் ராபின் வாரனோடு அவருக்கு 2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்னொன்று, மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் வகை. அந்தப் படலத்தைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்களை இவை குறைத்துவிடுகின்றன. ரத்தத்தின் வழியாகவும் இந்த வேலை நடப்பதால் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் வயிறு தப்பாது.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசியலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் கேஸ் மாத்திரையைத் தேடாமல் நேராக ஈசிஜி எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.