கொசுவுக்கு வயசாக விடக்கூடாது

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை அடங்குவதற்குள் மூன்றாவது மாடி அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார்: "தம்பி, இங்கே இத்தனை தடவை புகை அடித்தும் டிங்கி நின்றபாடில்லை. ஆப்பிரிக்காவில் ஆளுக்கொரு கொசுவலையைக் கொடுத்தே மலேரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். அது எப்படி? ராத்திரி முழுக்க வலைக்குள்ளேயே கிடக்க முடியுமா, வலையில் ஓட்டை விழாதா?"

நல்ல கேள்வி அக்கா. வலை கடியைத் தடுக்கிறது என்பது பதிலில் பாதிதான். மீதிப் பாதி எனக்கு மிகவும் பிடித்த பாதி.

மலேரியா எப்படி வருகிறது என்பது பள்ளியில் படித்ததுதான்: அனோபிலிஸ் பெண் கொசு கடிக்கிறது, பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி உள்ளே போகிறது, கல்லீரலில் பெருகுகிறது, அப்புறம் ரத்தச் சிவப்பணுக்குள் புகுந்து அதை வெடிக்க வைத்து வெளியே வருகிறது. பல வகைகளில் இந்த வெடிப்பு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றாக நடக்கும், அதனால்தான் முறைக்காய்ச்சல் என்று பெயர். காப்பார் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி சொல்வார், ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்கு நடுக்கம் வந்துவிடுமாம், கம்பளியைப் போட்டு மூடினாலும் பல் கிட்டுமாம். முனி வந்து போகிறது என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் நம்பினார்களாம்.

2023-ல் மட்டும் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 597,000 பேர். அதில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பெரியவர்களுக்குப் பலமுறை காய்ச்சல் கண்டு உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். பிறந்த குழந்தைக்குச் சில மாதம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி துணை நிற்கும். அது தீர்ந்து, சொந்தச் சக்தி வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த நாலைந்து வருடத்தில்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

சரி, இப்போது கொசுவுக்கு வருவோம். மலேரியா உள்ளவரைக் கடித்த கொசு அடுத்த நிமிடமே இன்னொருவருக்கு அதைக் கொடுத்துவிடாது. கொடுக்கவே முடியாது. உறிஞ்சிய ரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுச் சுவரைத் துளைத்து, அங்கே சின்னக் கொப்புளம் மாதிரி ஒட்டிக்கொண்டு வளர வேண்டும். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தது இந்தக் கொப்புளத்தைத்தான். அது முற்றி வெடித்து, ஆயிரக்கணக்கில் ஊசி போன்ற உயிரிகள் கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஊர் வெக்கையில்கூட இதற்கு 10 முதல் 12 நாள் ஆகும். ஆனால் ஒரு கொசுவின் ஆயுளே சராசரியாக அவ்வளவுதான். மலேரியாவைப் பரப்புவது கிழட்டுக் கொசு மட்டுமே.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் துள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒட்டுண்ணியை வாங்கிய கொசுக்கள் 100 என்று வையுங்கள். ஒவ்வொரு நாளும் உயிரோடு இருப்பதில் 10 விழுக்காடு செத்தால், 12 நாள் கழித்து 28 மிஞ்சும். அதை 20 விழுக்காடாக ஆக்குங்கள், மிஞ்சுவது 7. மிஞ்சிய கொசுக்களும் முன்பு மாதிரி இன்னும் ஒன்பது, பத்து நாள் இருந்து கடிக்கப் போவதில்லை, நாலைந்து நாளில் போய்விடும். இரண்டையும் பெருக்கினால் ஆபத்து எட்டு, ஒன்பது மடங்கு இறங்குகிறது. ஊரில் கொசுக்கள் அடியோடு ஒழிந்திருக்காது, காதருகே ரீங்காரம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆனால் நோய் சரிந்துவிடும். 1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற மலேரியா ஆய்வாளர் இதைச் சூத்திரமாக எழுதிக் காட்டினார்.

கொசுவுக்கு வயது பார்ப்பது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். கொசுவுக்கு நுரையீரல் இல்லை, காற்று மெல்லிய குழல்கள் வழியாக நேரே உறுப்புகளுக்குப் போகிறது. முட்டையே போடாத இளம் கொசுவின் சினைப்பையில் இந்தக் குழல்களின் நுனி நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும். முட்டைகள் வளர்ந்து சினைப்பை வீங்கும்போது சுருள் இழுபட்டு அவிழும், அப்புறம் திரும்பச் சுருளாது. தத்தியானா டெத்தினோவா என்ற ரஷ்யப் பெண் விஞ்ஞானி கண்ட வழி இது. ஒரு துளி நீரில் கொசுவை வைத்து, ஊசி முனையால் சினைப்பையை இழுத்து எடுத்து, காயவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் காற்று நிறைந்த குழல்கள் கருகருவென்று தெரியும். சுருள் இருந்தால் குமரி, அவிழ்ந்திருந்தால் குறைந்தது ஒரு பிரசவம் பார்த்தவள். இப்படி நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்துத்தான் ஒரு ஊரில் கொசுக்கள் கிழடாகின்றனவா இல்லையா என்று சொல்கிறார்கள். பொறுமையாகக் கண் வலிக்க உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்குப் பணம் ஒதுக்க யாரும் முந்துவதில்லை. புதுக் கருவிக்குக் கிடைக்கிற பணத்தில் கொஞ்சம் இந்தக் கண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது வலைக்கு வாருங்கள். பெண் கொசு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முட்டை இல்லை. அந்த அனோபிலிஸ் கொசுக்கள் பெரும்பாலும் நடு ராத்திரியில், வீட்டுக்குள், தூங்குகிறவரைத் தேடி வரும். படுத்திருப்பவரின் சூடும் மூச்சும் மேலே எழும்புவதால் கொசு வலையின் கூரையைத்தான் திரும்பத் திரும்ப முட்டும். வலை நூலில் பைரித்ராய்டு என்ற மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது. சாமந்தி இனப் பூ ஒன்றில் இருக்கும் நஞ்சைப் பார்த்துச் செய்தது, நம் வீட்டுக் கொசுவர்த்திச் சுருளிலும் அதே குடும்பம்தான். கொசு வலையில் உட்காரும்போது அது கால் வழியாக ஏறும், நரம்பில் சோடியம் போகும் கதவை மூட விடாது, நரம்பு ஓயாமல் துடிக்கும், கால்கள் நடுங்கி, கொசு மல்லாந்து விழும். ஆக, தூங்குகிற பிள்ளைதான் தூண்டில் இரை, வலைதான் பொறி. ராத்திரிக்கு ராத்திரி இப்படி வரி வசூலித்தால் எந்தக் கொசு 12 நாள் தாண்டும்?

ஓட்டை விழுந்த மருந்து வலையும் கொஞ்சம் உதவுவது இதனால்தான், ஓட்டையைத் தேடி அலையும் நேரத்தில் கொசு மருந்தை மிதித்துவிடுகிறது. இன்னொன்று, மேற்குக் கென்யாவில் செய்த பெரிய ஆய்வில், வலை இருந்த வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது தெரிந்தது. காசு கொடுத்து வாங்க முடிந்தவர் மட்டும் கட்டிக்கொள்ளட்டும் என்று விடாமல் ஊர் முழுக்க இலவசமாகக் கொடுப்பதன் நியாயம் அதில் இருக்கிறது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் சுமார் 66 கோடி, அதில் 68 விழுக்காடு வலையால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வலையின் விலை சில டாலர், நம் காசுக்கு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒருவேளைச் சாப்பாடு. 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இந்த வேலைகளும் அடிபட்டன. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கொசுவும் சும்மா இருக்கவில்லை. மருந்தை உடைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொண்டு பல இடங்களில் தப்பிக்கிறது. அதனால் அந்த நொதியை முடக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தும், வேறு வகை மருந்து ஏற்றியும் புது வலைகள் வந்துவிட்டன. 2021-லும் 2023-லும் பிள்ளைகளுக்கான இரண்டு தடுப்பூசிகளை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றையும் வலையோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் வேறு கதை. 1901-ல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்புக் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் தணிந்தது, ஏனென்றால் அங்கிருந்த கொசு நிழல் தண்ணீரில் வளர்வது. அதையே மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தால் காய்ச்சல் ஏறியது. காடு போனதும் ஓடையில் வெயில் விழுந்தது, வெயில் படும் தெளிந்த ஓடைதான் மாகுலேட்டஸ் என்ற இன்னொரு அனோபிலிஸ் கொசுவுக்குத் தொட்டில். அந்த வித்தியாசம் புரிவதற்குள் எத்தனையோ தமிழர்கள் லயங்களில் செத்துப்போனார்கள். பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடை ஓரமாகப் போகிற ஆளைப் பாட்டிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்ளூரிலேயே நிலைத்துப் பரவியதாகப் பதிவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது, அது கடிப்பது காட்டிலும் தோட்டத்திலும் என்பதால் படுக்கை வலை அதற்குப் பெரிதாக உதவாது.

முனி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மூளைக்கு ஏறிய மலேரியாவில் பிள்ளைக்கு வலிப்பு வரும், கண் செருகும். பேய் பிடித்ததாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை, பயந்த தாயைக் குறைசொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டிய நோய் இது. கயிறு கட்டுகிறவர்கள் கட்டட்டும், கிளினிக்குக்குப் போகிற வழியில் கட்டட்டும்.

அக்காவின் டிங்கிக்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. ஏடிஸ் கொசுவும் வைரஸை வாங்கிய ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பரப்பும். ஆனால் அது கடிப்பது பகலில், நாம் நடமாடும்போது, அதனால் தினசரி வரி வசூலிக்கப் படுக்கை வலை கிடையாது. புகை அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், அலமாரிக்குப் பின்னால் இருப்பது தப்பிக்கும், வாளியில் இருக்கும் கூட்டுப்புழு நாளைக்கே கொசுவாகும். அதனால் பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டு, இரண்டையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்து, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் முட்டை அந்த ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். பேரக் குழந்தை மத்தியானம் தூங்குகிறதல்லவா, அந்த நேரத்துக்கு மட்டும் தொட்டிலுக்கு வலை போடுங்கள்.