விரலில் 98, ஆனாலும் அம்மாயி எழுந்திருக்கவில்லை

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. மயக்கவியல் டாக்டரான நான் ஐ.சி.யூ. டூட்டியில் இருந்தேன். அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. பக்கத்தில் நின்ற பேரன் பாட்டியின் விரலில் மாட்டியிருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கழற்றவே இல்லை.

"ஆக்ஸிஜன் 98 இருக்குதுங்க மேடம். ஆனா நேத்து சாயங்காலத்துல இருந்து அம்மாயி தூங்கிட்டே இருக்குதுங்க. எழுப்புனா ஒருக்கா முழிச்சுப் பாத்துட்டு மறுபடி தூங்கிருது."

பாட்டி பீடி, சிகரெட் எதையும் தொட்டவர் இல்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். அவருக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அது என்றாலே பீடிக்காரர்களின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அடுப்புப் புகையும் அதே வேலையைத்தான் செய்யும். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் இருந்தது. நிமிடத்துக்கு 1 லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சளி பிடித்து மூச்சு வாங்கியதும் விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். 88. பயந்துபோய் குமிழைத் திருகி 5-ல் வைத்துவிட்டார்கள். 88 ஏறி 98 ஆனது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். பாட்டியும்தான்.

கையைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது, நாடி துள்ளி அடித்தது. உலுக்கி எழுப்பி, இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னபோது மணிக்கட்டுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆக்ஸிஜன் தாராளம். கார்பன் டை ஆக்ஸைடு 96. இருக்க வேண்டியது 35-லிருந்து 45 மி.மீ. (பாதரச அழுத்தக் கணக்கில்) வரை. ரத்தத்தின் பிஎச் (குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 7.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அவருக்கு 7.21. அந்த அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தால் அதுவே மயக்க மருந்து. நான் ஊசி போட்டுத் தூங்க வைப்பதைப் பாட்டியின் சொந்த ரத்தமே செய்துகொண்டிருந்தது.

விரலில் மாட்டிய கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்ஸிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கார்பன் டை ஆக்ஸைடை வெளியே தள்ளுவது இன்னொன்று. முதல் வேலை தடுமாறினால் சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ கைகொடுக்கும். இரண்டாவதற்குக் காற்று உள்ளே போய் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. வெறும் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு மூச்சு மந்தமானால் விரலில் எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக்ஸிஜன் கூடுதலாக ஓடும்போது அந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது. கார்பன் டை ஆக்ஸைடு 100-ஐத் தொட்டாலும் விரலில் 98 நிற்கும்.

இதில் எனக்குப் பாடம் கிடைத்தது பி.ஜி. படிக்கும் காலத்தில். மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளிக்கு மூன்று நிமிடம் சுத்த ஆக்ஸிஜன் கொடுப்போம். சும்மா இருக்கும்போது நம் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்று சுமார் இரண்டரை லிட்டர். அது முழுக்க ஆக்ஸிஜனாக மாறிவிட்டால் நல்ல சேமிப்பு. உடம்பு நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்ஸிஜனைச் செலவு செய்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான ஒருவர் மூச்சே விடாமல் கிடந்தாலும் விரலில் 90-க்குக் கீழே இறங்க ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், உடல் பருத்தவர்களுக்கு அந்தச் சேமிப்பு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு நாள், பி.ஜி. மாணவியாக, நான் ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டேன், போட்டதாக நினைத்தேன். டியூபுக்குள் நீராவி படிந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது போலத்தான் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் ஏதோ சத்தமும் கேட்டது. பின்னால் நின்ற சார் நோயாளியைப் பார்க்கவில்லை, மானிட்டரைப் பார்த்தார்.

"கர்வ் எங்கம்மா?"

"சாச்சுரேஷன் 100 சார்."

"அது நீ முன்னாடி குடுத்த ஆக்ஸிஜன். கர்வ் எங்க? வெளிய எடு."

டியூப் உணவுக்குழாயில் இருந்தது. வெளியே எடுத்து, மாஸ்க்கில் இரண்டு மூச்சு கொடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை மானிட்டரின் அடியில் மஞ்சள் கோடு எழும்பி, பெட்டி பெட்டியாக ஓடியது. இத்தனைக்கும் நடுவில் விரலின் எண் 99-க்குக் கீழே இறங்கவே இல்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் அது இறங்கும் நேரத்தில் நான் வேறு எதையாவது சந்தேகித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மஞ்சள் கோடுதான் கேப்னோகிராஃப். (எல்லா மானிட்டரிலும் மஞ்சளாக இருக்காது, எங்களுடையதில் மஞ்சள்.) வேலை செய்யும் விதம் எளிது. கார்பன் டை ஆக்ஸைடு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். நோயாளி விடும் மூச்சிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் காற்றை இழுத்து, கதிரைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று அளக்கிறது கருவி. மூச்சு விடும்போது கோடு ஏறி, மேலே சமதளமாக ஓடி, மூச்சை இழுக்கும்போது சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும். சமதளம் முடியும் இடத்தில் இருக்கும் எண்ணைத்தான் எழுதி வைப்போம். ரத்தத்தில் இருப்பதைவிட அது சாதாரணமாக இரண்டிலிருந்து ஐந்து வரை குறைவாக இருக்கும்.

எண்ணைவிடக் கோட்டின் வடிவம் எனக்குப் பிடிக்கும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் பெட்டியின் மேல்பக்கம் சாய்ந்து ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஆகிவிடும். பாடப்புத்தகம் சுறாமீன் துடுப்பு என்கிறது. சமதளத்தில் சின்னப் பள்ளம் விழுந்தால் தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வேகம் குறைந்து நோயாளி தானாக மூச்சு இழுக்கப் பார்க்கிறார் என்று பொருள். கோடு திடீரென்று காணாமல் போனால் டியூப் கழன்றிருக்கலாம், மடங்கியிருக்கலாம், இதயமே நின்றிருக்கலாம். செல்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடை நுரையீரல் வரை சுமந்து வருவது ரத்த ஓட்டம்தான் என்பதால் இதயத்தின் சேதியும் அதில் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும்போது அழுத்தம் சரியாக இருந்தால் கோடு ஓரளவு எழும்பும். 20 நிமிடம் அழுத்தியும் 10-ஐத் தாண்டவில்லை என்றால் நம்பிக்கை குறைவு. அழுத்திக்கொண்டிருக்கும்போதே 15-லிருந்து 40-க்குத் தாவினால் இதயம் திரும்பிவிட்டது. நாடியைத் தேடுவதற்கு முன்பே கோடு சொல்லிவிடும்.

பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுக்கத் திரட்டி 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், என்.ஏ.பி.4 என்று பெயர். ஐ.சி.யூ.வில் நடந்த அந்த வகை மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேல், கேப்னோகிராஃப் இல்லாமல் இருந்ததோ சரியாகப் பயன்படுத்தாமல் விட்டதோ காரணத்தில் பங்கு வகித்திருக்கலாம் என்றது. கோடு இல்லையென்றால் டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே முதலில் நினை என்று அங்குள்ள மயக்கவியல் ராயல் காலேஜ் பிரசாரமே நடத்துகிறது. என்னுடைய சார் அதை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் இதெல்லாம் ஓரளவு நிலைத்துவிட்டது. என் கவலை தியேட்டருக்கு வெளியே. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, பல் சிகிச்சை, ஸ்கேன் அறையில் குழந்தைக்குக் கொடுக்கும் தூக்க மருந்து. "சும்மா லேசா தூங்க வெப்போம்" என்பார்கள். மூக்கில் ஆக்ஸிஜன், விரலில் ஆக்ஸிமீட்டர். லேசான தூக்கம் எப்போது ஆழமாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூச்சு நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்தாலும், நாக்கு பின்னால் விழுந்து மூச்சே அடைத்தாலும், ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருப்பதால் எண் கொஞ்ச நேரம் 99-லேயே நிற்கும். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011-லிருந்தே நடுத்தர, ஆழ்ந்த தூக்க மருந்துக்கும் கார்பன் டை ஆக்ஸைடு கண்காணிப்பு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அடுத்த முறை உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ இப்படித் தூக்க மருந்து கொடுப்பதாகச் சொன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்: மயக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தனியாக டாக்டர் இருக்கிறாரா, மூச்சுக்கு மானிட்டர் உண்டா? கேட்டதற்காக நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஆக்ஸிமீட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எனக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தியேட்டரில் நாடிக்கு ஒரு பீப் சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். சாச்சுரேஷன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். நான் முதுகைத் திருப்பி மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் சுருதி இறங்கினால் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

இந்தக் கருவிக்கு வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. நிஹான் கோடென் நிறுவனத்தில், காதில் ஒளியைப் பாய்ச்சி இதயத்தின் ரத்த ஓட்டத்தை அளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொல்லையாக இருந்த அந்தத் துடிப்பையே பிடித்துக்கொண்டார். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளியைப் பாய்ச்சி, துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு கிடைக்கும் என்று 1974-ல் அறிவித்தார். 2020 ஏப்ரலில் அவர் இறந்தபோது கொரோனாவுக்குப் பயந்து உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்தது.

அப்போது வாங்கியதுதான் பல வீடுகளில் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. பேனாவை நுழைத்தாலும் 98 காட்டிய மட்டமான கருவிகளும் அந்தச் சமயத்தில் வந்தன. உங்களுடையதில் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாம். பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, முக்கியமாகக் கறுப்பும் நீலமும், வேண்டாம். மாட்டியதும் வரும் முதல் எண்ணை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அது காட்டும் நாடித் துடிப்பு, நீங்கள் கையைப் பிடித்து எண்ணுவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போகாவிட்டால் ஆக்ஸிஜன் எண்ணுக்கும் மதிப்பில்லை.

கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்பு அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்ஸிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அதனால் நம் ஊரில் 93 என்று வந்து ஆளும் சோர்ந்திருந்தால் நான் எண்ணைவிட ஆளைத்தான் நம்புவேன்.

ரத்தசோகை இன்னொரு பொறி. எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்று கருவி சொல்லும், எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. ஹீமோகுளோபின் 5 இருக்கும் பெண்ணுக்கும் 99 காட்டும். உடம்புக்குப் போவதோ 15 இருப்பவருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரியடுப்போ எரிந்து கார்பன் மோனாக்ஸைடு ஏறியவருக்கும் இதே கதைதான். அந்த நஞ்சையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணி 98 காட்டிவிடும்.

சரி, பாட்டிக்கு வருகிறேன். ஆக்ஸிஜனைக் குறைத்தோம், ஆனால் ஒரேயடியாக நிறுத்தவில்லை. இப்படிப்பட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் பழைய அளவுக்கும் கீழே போய்விடுவார். வீட்டில் யாரும் அதைச் செய்யக் கூடாது. மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் பைபாப் மாஸ்க்கை மாட்டினோம். இவர்களுக்கு எண் 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் ஆக்ஸிஜனைக் கொட்டினால் மூளையின் மூச்சுத் தூண்டல் மட்டுப்படும், நுரையீரலில் காற்றோட்டம் இல்லாத மூலைகளுக்கும் ரத்தம் திரும்பும், ஹீமோகுளோபினும் தான் சுமக்கும் கார்பன் டை ஆக்ஸைடை இறக்கிவிடும். நாங்கள் படித்த காலத்தில் முதல் காரணத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். மற்ற இரண்டும் அதற்குச் சளைத்தவை அல்ல.

சாயங்காலம் கார்பன் டை ஆக்ஸைடு 70. மறுநாள் காலை 58. மாஸ்க்கைக் கழற்றியதும், "காப்பித்தண்ணி ஒரு வாய் கெடைக்குமா கண்ணு?" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஓ.பி.க்கு வந்தார்கள். விரலில் 90. பேரன் தன் மொபைலில் ஒரு படத்தைக் காட்டினான். கான்சென்ட்ரேட்டரின் குமிழ் மேல் குறுக்காக வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கர் பேனாவில் பெரிதாக '1' என்று எழுதியிருந்தான். கீழே சின்ன எழுத்தில்: யாரும் தொடாதீங்க, மாமா உட்பட.