சேலம் வெயிலில் முதல் வாட்டர் கூலிங் லூப்

அம்மாப்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர், தன் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்க வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலோடு வந்தார். "அண்ணா, வாட்டர் பிளாக், பம்பு எல்லாம் பார்த்தாச்சு. டியூப் என்ன கலர் போடலாம்?" பட்டியலின் கடைசி வரியில் ரேடியேட்டர், அதுவும் 240, அதாவது 120 மி.மீ. விசிறி இரண்டு மட்டும் உட்காரும் அளவு. அந்த வரியை முதலாவதாக மாற்றி எழுதிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தேன்.

லூப் என்பது தண்ணீர் சுற்றிவரும் பாதை. சிப்பின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கில் சூட்டை வாங்கிச் சுமப்பதுதான் அதில் தண்ணீரின் வேலை. அதை இறக்கி வைக்கும் இடம் ரேடியேட்டர், வாங்கிக்கொள்வது அறைக்காற்று. அதனால் எவ்வளவு செலவழித்தாலும் அறைச் சூட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்காது. ஏற்காட்டில் 25 டிகிரி அறையில் தண்ணீர் 35-இல் நிற்கிறது என்றால், அதே லூப் மே மாதச் சேலத்தில் 36 டிகிரி அறைக்குள் 46-ஐத் தொடும். பம்புகள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் எல்லை.

தம்பியின் பிராசசர் 150 வாட், கிராபிக்ஸ் கார்டு 300 வாட், மொத்தம் 450. 120 மி.மீ. விசிறி ஒன்று உட்காரும் அளவு ரேடியேட்டருக்கு 100 வாட் என்று வைத்துக்கொள்வது நம்ம ஊர் வெயிலுக்குச் சரிவரும். ஆக மூன்று விசிறி 360 ஒன்று, இரண்டு விசிறி 240 ஒன்று. கேபினெட்டில் இரண்டும் அடங்குமா என்று டேப் வைத்து அளந்த பிறகுதான் மற்றதெல்லாம் வாங்க வேண்டும்.

"சூடான தண்ணி பிராசசர்ல இருந்து நேரா கார்டுக்குப் போகலாமா அண்ணா?" தாராளமாகப் போகலாம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 450 வாட்டும் சேர்ந்து அதை ஒன்றரை டிகிரிதான் ஏற்றும். வரிசை முக்கியமாகும் இடம் ஒன்றே ஒன்று: லூப்பின் தண்ணீர்த் தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். கிணற்று மோட்டார் காற்று பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். டி5, டிடிசி பம்புகளும் தானாகத் தண்ணீரை இழுக்காது. உள்ளே பேரிங்குக்கு மசகு அந்தத் தண்ணீர்தான். வெறுமனே ஓடவிட்டால் தேய்ந்துவிடும். சத்தம் குறைவு என்பதால் முதல் லூப்புக்கு நான் டி5-ஐத்தான் சொல்வேன்.

அடுத்தது உலோகம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நம் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமானது. நல்ல உலோகம்தான், செம்போடு மட்டும் சேராது. வாட்டர் பிளாக்கின் அடித்தகடு பெரும்பாலும் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு. திட்ட மின்முனை மின்னழுத்தத்தில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் 2 வோல்ட் இடைவெளி. ஒரே தண்ணீரில் இரண்டும் இருந்தால் லூப்பே ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும், கரைந்துபோவது அலுமினியம். முதலில் சாம்பல் நிறக் குழம்பு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைக்கும், பிறகு அலுமினிய ரேடியேட்டரில் ஊசித்துளை விழும். செம்பு என்று சொல்லி விற்ற மலிவான ரேடியேட்டர் ஒன்றை நானே வாங்கியிருக்கிறேன். அதன் மெல்லிய தகட்டு இதழ் ஒன்றின் ஓரத்தை பிளேடால் சுரண்டினேன்: கருப்புப் பெயின்டுக்கு அடியில் வெள்ளை மினுக்கம். செம்பாக இருந்தால் சிவந்திருக்கும். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டு ஹீட்டர் காயிலில் படியும் அந்த வெள்ளைப் பொருக்கு பிளாக்குக்குள்ளும் படியும். பேட்டரிக் கடையில் சீல் உடைக்காத டிஸ்டில்டு வாட்டர் கேனை, ஆசிட் இல்லை என்று லேபிளைப் படித்து உறுதிசெய்து வாங்குங்கள். கூடவே அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கரைசல். புது ரேடியேட்டரில் பாதி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, குலுக்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் கவிழ்த்துப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புத் துகள் வந்து நிற்கும், பற்றவைத்தபோது மிஞ்சிய கசடு. அது வராமல் போகும்வரை அலச வேண்டும்.

டியூப் கலர்? கருப்பு இ.பி.டி.எம். ரப்பர், 10/16 மி.மீ., அதே அளவு கம்ப்ரெஷன் ஃபிட்டிங். கண்ணாடி மாதிரியான மலிவு பி.வி.சி. டியூப் நம் சூட்டில் பிளாஸ்டிசைசரைக் கக்கி, சில மாதங்களில் கலங்கிப்போகும்.

கடைசியாக, எஸ்.எம்.பி.எஸ்.-இன் 24 பின் ஒயரில் ஜம்பர் (போர்டு இல்லாமலே அதை ஓடவைக்கும் சிறு இணைப்பு) போட்டு, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். மறுநாள் எல்லாமே மொறமொறவென்று காய்ந்திருந்தால் மட்டும் போர்டுக்கு ஒயரை மாட்டலாம்.