முன் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா?

போன மாதம் கந்தப்பளைப் பக்கமிருந்து ஓர் அண்ணன் தன்னுடைய பழைய லேண்ட் குரூசரை ஓட்டிக்கொண்டு வந்தார். லீக்ஸும் கோவாவும் ஏற்றுகிற வண்டி. "பாஸ், முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப டக்கு டக்குன்னு ஒரு சத்தம், அதை மட்டும் பாருங்க" என்றார். பிளேன்டி குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தபோதுதான் மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிரேக் அடித்தால் இடப்பக்கம் சரியாகப் பிடிப்பதில்லையாம், வண்டி வலப்பக்கம் இழுக்கிறதாம். 50ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம், இரண்டு தடவை வீல் பெலன்ஸ் பார்த்தும் போகவில்லையாம். நான் குனிந்து இடப்பக்க முன் சக்கரத்தின் உட்பக்கத்தை விரலால் தடவினேன். கறுப்பாக, கூழ் மாதிரி ஒட்டியது. மோந்து பார்த்தால் கியர் ஒயில் நாற்றம். அவர் சொன்ன மூன்று நோய்க்கும் வேர் அங்கேதான் இருந்தது.

எங்கள் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய ஃபோர் வீல் வண்டிகளின் முன் எக்சல் பெரும்பாலும் ஒரே சாதி. இரண்டு சக்கரங்களையும் சேர்க்கிற முழு இரும்புக் குழாய், அதில் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷல், இரண்டு முனையிலும் தேங்காய் மாதிரி ஓர் உருண்டை, அந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு திரும்புகிற நக்கிள். லேண்ட்ரோவர்காரர்கள் இதையே ஸ்விவல் என்பார்கள். சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் திருப்பத்தில் வளைந்துகொடுக்க உதவுகிற ஜொயின்ட் அந்த உருண்டைக்குள்ளேதான் இருக்கிறது. பழைய சீரிஸ் லேண்ட்ரோவரில் அது யுனிவர்சல் ஜொயின்ட், லேண்ட் குரூசரிலும் டிஃபென்டரிலும் 6 எஃகுக் குண்டுகள் ஓடுகிற சீ.வி. ஜொயின்ட். லேண்ட் குரூசரில் டிஃபரன்ஷலுக்குள் ஒயில், நக்கிளுக்குள் கிரீஸ். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் சீல்தான். அது தேய்ந்தால் ஒயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கும், கரைந்த கூழ் உருண்டையின் பின்பக்கம் வழியும், சக்கரம் பூட்டுகிற ஹப்பின் சீலும் சேர்ந்து போயிருந்தால் பிரேக்குக்குள்ளும் போகும். இதற்கிடையில் டிஃபரன்ஷல் ஒயில் குறைந்துகொண்டே வருவதை யாரும் பார்ப்பதில்லை.

இந்த அண்ணனின் வண்டிக்கு ஏற்கெனவே வேறோர் இடத்தில் வைத்தியம் நடந்திருக்கிறது. கசிகிறது என்று கொண்டுபோனவரிடம் "கிரீஸ் குறைஞ்சிருக்கு" என்று சொல்லி இன்னும் கிரீஸ் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டை வாளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கதை.

சரி, சீல் ஏன் போகிறது? வயது ஒரு காரணம். ஆனால் மலைநாட்டில் நான் அதிகம் பார்ப்பது ப்ரீதர் அடைத்துப்போன வண்டிகள். எக்சலின் மேலே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுத் துளை இருக்கும், அதுதான் ப்ரீதர். ஏற்றத்தில் வேலை செய்து எக்சல் சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்று விரியும், வெளியேற வழியில்லாவிட்டால் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான எக்சலோடு ஓடைக்குள் இறங்கினால் இதற்கு நேர் எதிராக நடக்கும், உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷல் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் கதை இதுதான். தோட்டத்துச் சேறு காய்ந்து அந்தத் துளையைச் சீமெந்து போல அடைத்திருக்கும், ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் போதும், செலவே கிடையாது. அடிக்கடி ஓடை கடக்கிறவர்கள் ஒரு ரப்பர் குழாய் போட்டு அந்த வாயை என்ஜின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜொயின்ட் உடைந்தால் வண்டி நிற்கும், தோட்டத்து ட்ரக்டரைக் கூப்பிட்டு இழுத்துக்கொள்ளலாம். பிரேக் லைனிங் ஒயில் குடித்தால்? நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது 1,000 மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. பின்னால் ஒரு தொன் மரக்கறி, முன்னால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிற பிரேக். எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒயில் ஊறிய லைனிங்கைப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்திக் காயவைத்து மறுபடி போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். மேலே காய்ந்த மாதிரித் தெரியும், சூடேறினால் உள்ளே குடித்தது வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுவை இருக்கும்.

ஜெக் அடித்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றினோம். ஹப்பின் முகத்தில் இருக்கிற நட்டுகளுக்குக் கீழே கூம்பு வடிவில் வெட்டு விழுந்த வொஷர்கள் உட்கார்ந்திருக்கும், அவை லேசில் வராது. பித்தளைக் கம்பியை வைத்து ஸ்டட்டைச் சுற்றித் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் துள்ளி வெளியே வரும், பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் ஸ்டட்டை உடைக்கிறார்கள். உள்ளே பெயாரிங் நட். அதற்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். நட்டைப் பார்த்ததும் எங்கள் பையன் சிரித்துவிட்டான். சுற்றிலும் உளி அடித்த தழும்புகள், குறைந்தது நாலு பேருடைய கையெழுத்து. உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் நட்டு இறுகியதா, எவ்வளவு இறுகியது என்று யாருக்குத் தெரியும்? அந்த சொக்கட் ஒன்றும் தங்கத்தில் செய்ததில்லை, வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கழற்றிய சாமான்களை இடது, வலது, மேல், கீழ் என்று பிரித்து லஞ்ச் ஷீட்டில் சுற்றி, மேலே எழுதி வைப்பது என் வழக்கம். நக்கிளின் மேலும் கீழும் காகிதம் போல மெல்லிய ஷிம்கள் வரும், அவை கலந்தால் நக்கிளின் நடு மாறிவிடும், ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் அழுத்தும், புதுச் சீலும் ஆறு மாதத்தில் கசியும்.

சீ.வி. ஜொயின்டைக் கழுவிப் பார்த்தபோது குண்டுகளைப் பிடித்து வைத்திருக்கிற கூட்டில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. டக்கு டக்கு அதுதான். குண்டு ஓடுகிற பள்ளங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் இடது ஜொயின்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம், அப்போது தேயாத பக்கம் சுமை தாங்கும், இன்னும் சில வருடம் ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, அந்தக் காலத்தில் இப்படி எத்தனை வண்டியை ஓட்டவைத்தோம் என்று கணக்கில்லை. ஆனால் கூடு வெடித்தால் அந்த வித்தை செல்லாது. அண்ணனைக் கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினேன். பெயர் தெரியாத புதுப் பெட்டியைவிட, ஜப்பான் வண்டியில் கழற்றிய நல்ல பழைய ஜொயின்டே மேல் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பெயாரிங்கும் சீலும் மட்டும் பழையது வேண்டாம், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் இந்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணம் நக்கிள் மேலும் கீழும் உட்கார்ந்து திரும்புகிற இரண்டு சின்னப் பெயாரிங்கள். கிரீஸ் கரைந்து போனதால் நேராக ஓடுகிற இடத்தில் மட்டும் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. கையால் திருப்பினால் நடுவில் ஒரு கொக்கியில் மாட்டிய மாதிரி நிற்கும். இதற்குத்தான் அவர் இரண்டு தடவை வீல் பெலன்ஸ் பார்த்திருக்கிறார்! புதிய பெயாரிங் போட்டு, சீல் எதுவும் மாட்டாமல், மரக்கறிக் கடையில் தொங்குகிற ஸ்ப்ரிங் தராசை நக்கிளின் கைத்துளையில் கொழுவி இழுத்துப் பாருங்கள், நக்கிள் நகரத் தொடங்குகிற எடை எவ்வளவு என்று. அந்த வண்டியின் சர்விஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஷிம்மைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஷாஃப்டைத் திரும்ப உள்ளே விடும்போது அதன் முழுப் பாரமும் சீலின் உதட்டில் விழாமல் கையால் தாங்கிப் பிடித்து விட வேண்டும், பற்கள் பட்டால் சீல் கிழியும். ஷாஃப்டில் சீல் ஓடுகிற இடத்தில் வாய்க்கால் விழுந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நக்கிளுக்குள் மொலிப்டினம் கிரீஸ் முக்கால் பங்கு, நிரப்பித் திணிக்க வேண்டாம்.

லேண்ட்ரோவர்காரர்களுக்கு ஒரு சொல்: பழைய வண்டிகளில் ஸ்விவலுக்குள்ளும் ஒயில்தான், அதனால் கசிவு கண்டால் முதலில் உருண்டையின் மேற்பரப்பைப் பாருங்கள். துருப் பிடித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் அது அறுத்துத் தின்னும்.

ஜொயின்டின் கூடு ஏன் வெடித்தது என்று கேட்டால் பதில் ஓட்டுகிறவர் கையில்தான். அண்ணனிடம் கேட்டேன், "தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டுறீங்களா?" மழையென்றால் எப்போதும் போடுவாராம், வழுக்காது என்று. முன் எக்சலும் பின் எக்சலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற சென்டர் டிஃபரன்ஷல் இல்லாத வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் எக்சலும் பின் எக்சலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. சேற்றிலும் கல் ரோட்டிலும் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் சறுக்காது, அத்தனை முறுக்கும் ஷாஃப்டிலும் ஜொயின்டிலும் ஏறும். ஸ்டியரிங் கல்லாகும், லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. அப்போது லீவரோடு மல்லுக்கட்டாமல் நேராகச் சில அடி பின்னால் விடுங்கள், முறுக்குத் தளர்ந்து தானே கழன்றுவிடும். முன் சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கிற ஃப்ரீ வீல் ஹப் பூட்டியவர்கள் இன்னொரு வகை, வருடக்கணக்கில் அதைத் திருப்பவே மாட்டார்கள். மாதம் ஒரு தடவையாவது லொக் போட்டுச் சில கிலோமீற்றர் ஓட்டினால்தான் உள்ளே ஒயிலும் கிரீஸும் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

முன் எக்சலுக்குச் சுழற்சியைக் கொண்டுவருகிற நீளத் தண்டான முன் ப்ரொப்பலர் ஷாஃப்டையும் அதே நாளில் இறக்கினோம். யுனிவர்சல் ஜொயின்டின் கப்பைச் சுற்றிச் செம்பருத்தி நிறத்தில் துருத் தூள் தெரிந்தால் உள்ளே ஊசிப் பெயாரிங்கில் கிரீஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும்போது கீச் கீச்சென்று குருவி கத்துகிற சத்தமும் அதுவேதான். ஜொயின்டின் நடுவில் இருக்கிற சிலுவைத் துண்டான குரோஸைப் புதிதாக அடிக்கும்போது கப்புக்குள் ஓர் ஊசி சரிந்து விழுந்தாலும் கப் கடைசிவரை போகாது, கப்பைப் பிடித்து வைக்கிற சேர்க்ளிப் உட்காராது. அப்போது பெரிய சுத்தியலைத் தேடாமல் கழற்றி ஊசியை நிமிர்த்துங்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டிலும் ஒரே கோட்டில் குறி போடுங்கள். ஒரு யுனிவர்சல் ஜொயின்ட் வளைந்து சுற்றும்போது வேகம் கூடிக் குறையும், மறுமுனையில் இருப்பது அதைச் சமன் செய்யும், இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருந்தால்தான் அது நடக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரும், காரணம் கிடைக்காமல் நாள் கணக்கில் அலைவீர்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. தொழில் பழகிய காலத்தில், சரிவான முற்றத்தில் நின்ற ஒரு லேண்ட்ரோவரின் பின் ப்ரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றப் படுத்திருந்தேன். ஹேண்ட் பிரேக்கை நானே இழுத்திருந்தேன், அதனால் தைரியம். கடைசி போல்ட் கழன்றதும் வண்டி மெதுவாக நகர்ந்தது. லேண்ட்ரோவரில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால் அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் போனால் பிரேக்கும் போச்சு. நல்ல காலம், பின்னால் கிடந்த கொங்கிரீட் கல்லில் டயர் முட்டி நின்றது, எனக்குத் தோள்பட்டையில் சிராய்ப்பு மட்டும். அன்றிலிருந்து சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்காமல் எந்த வண்டிக்குக் கீழேயும் போனதில்லை, எங்கள் பையனையும் விடுவதில்லை.

வழியில் முன் யுனிவர்சல் ஜொயின்ட் கையை விரித்தால், முன் ப்ரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு வீடு வந்துவிடலாம். டிஃபென்டர் மாதிரி எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் சென்டர் டிஃபரன்ஷலைப் பூட்டுகிற டிஃப் லொக்கைப் போட வேண்டும், போடாவிட்டால் என்ஜின் கத்தும், வண்டி அசையாது.

கந்தப்பளை அண்ணனின் வண்டி ஐந்தாம் நாள் வெளியே போனது. நக்கிள் கையின் ஸ்டட் நட்டுகள் புதிய வேலைக்குப் பிறகு கொஞ்சம் தளரும், கவனிக்காமல் விட்டால் ஸ்டட்டே அறுந்துவிடும், அதனால் ஒரு கிழமையில் திரும்ப வரச் சொல்லியிருந்தேன். இப்படிச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வருவதில்லை. அவர் வந்தார், ஒரு கட்டு லீக்ஸோடு. இடப்பக்கம் இரண்டு நட்டுகள் கால் சுற்று வாங்கின. சக்கரத்தின் உட்பக்கத்தை அவரே தடவிப் பார்த்து விரலைக் காட்டினார், வெறும் செம்மண்.